மாடிமேல் ஒரு ஊட்டி

“அத்தை, இன்னும் பத்து வருசத்துல சிட்டிக்கு வேண்டிய காயெல்லாம் சிட்டிக்குள்ளயே விளைஞ்சிரும். மலையில இருந்து லாரி இறங்க வேண்டிய அவசியமே இருக்காது.” அண்ணன் மகன் இப்படிச் சொல்லிவிட்டுப் போனான். வம்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பித்தான் சொன்னான். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, சென்னையில் வாடகைக்கு எடுத்த மொட்டை மாடியில் மண்ணே இல்லாமல் லெட்யூஸ் என்ற சாலட் கீரை வளர்ப்பவன் அவன். நாங்கள் ஊட்டிப் பக்கம் கேத்தி பாலாடாவில் குத்தகை நிலத்தில் கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிறவர்கள். ஓரமாக ஒரு துண்டில் ஓட்டல்களுக்கென்று லெட்யூஸும் புரோக்கோலியும் உண்டு. ஆக, அவன் கணக்குப்படி எங்கள் பிழைப்புக்கு ஆயுசு பத்து வருசம். கோபம் ஒன்றும் வரவில்லை. ஆனால் களை எடுக்கும்போதும் மண்டிச் சீட்டைக் கூட்டிப் பார்க்கும்போதும் அந்தப் பேச்சு வந்து வந்து நின்றது. அதில் நிஜம் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் விட மனசில்லை.

அவன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு கேரட் சென்னை போய்ச் சேரும் பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடியுமுன் இருட்டில் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஆட்கள் பிடுங்க ஆரம்பிப்பார்கள். தழையை முறுக்கி ஒடித்து, மூட்டை கட்டி, மேடேறி ரோட்டுக்குச் சுமந்து, அங்கிருந்து கழுவும் மெஷினுக்கு. பெரிய உருளை சுற்றச் சுற்ற கேரட்டுகள் ஒன்றோடொன்று உரசி, மண் கரைந்து ஓட, பளிச்சென்று வெளியே வரும். அப்புறம் தரம் பிரிப்பு. வெடித்தது, ரெட்டைக் கால், பொடி எல்லாம் ஒதுக்கியது போக மிச்சம்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்கு. அங்கே ஏலம், கமிஷன், ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, மறுபடி லாரி, ராத்திரி முழுக்க ஓட்டம், அப்புறம் கோயம்பேடு, அப்புறம் தெருமுனைக் கடை. எங்களிடம் கிலோ 20 ரூபாய்க்குப் போன வாரத்தில் அவன் வீட்டுப் பக்கத்துக் கடையில் 50 ரூபாய். நடுவில் இருக்கும் 30 ரூபாயை யாரோ கொள்ளையடித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். டீசல், கூலி, அழுகல், கடை வாடகை எல்லாம் அதற்குள்தான். ஆனால் மாடியில் பறித்து, படி இறங்கி விற்றால் அந்த முப்பதும் மிச்சம்தானே என்று அவன் கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை.

மண்ணே வேண்டாம் என்பதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. 1961இல் உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் நூற்புழுவை இந்த மலையில்தான் இந்தியாவிலேயே முதலில் கண்டுபிடித்தார்கள். அது மண்ணுக்குள் முட்டைக்கூடாக வருசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்தத் தலைவலி அவனுக்கு இல்லை. சரி, இவ்வளவும் அவன் பக்கம்.

மாடிக் கணக்கு

மாடித்தோட்டம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தோட்டக்கலைத் துறை 2013-14 வாக்கிலேயே சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் கிட் கொடுக்கத் தொடங்கிவிட்டது. வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, விதைப் பாக்கெட். நல்ல காரியம்தான். நாலு தக்காளி, ரெண்டு கத்தரி, ஒரு தொட்டி புதினா வந்தால் வீட்டுக்கு அழகு, மனசுக்கும் தெம்பு. அதில் எனக்கு ஒரு சச்சரவும் இல்லை. ஆனால் ஒரு நகரம் தன் காய்கறிச் செலவை அதை நம்பித் திட்டமிட முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பேனாவும் பேப்பரும் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

எங்கள் பக்கம் ஏக்கருக்கு 10 டன் கேரட் வந்தால் நல்ல வெள்ளாமை. 1,000 சதுர அடி மாடியை ஒரு இஞ்ச் விடாமல் நிரப்பி, அதே விளைச்சலையும் எடுத்துவிட்டதாக வைத்துக்கொண்டால் ஒரு போகத்துக்குச் சுமார் 230 கிலோ. ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் பழமுமாக 400 கிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு போகம் நூறு நாள் என்று வைத்தால் நாலு பேர் குடும்பத்துக்கு 160 கிலோ. அட, ஒரு மாடி ஒரு குடும்பத்தைத் தாங்கிவிடுகிறதே என்று எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. தனி வீடாக இருந்தால் சரி. அவன் இருப்பது நாலு மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு. மேலே மாடி ஒன்று, கீழே அடுப்பு பதினாறு. அந்த ஒரு மாடியிலும் தண்ணீர்த் தொட்டி, சோலார் பலகை, துணிக்கொடி, டிஷ் ஆன்டெனா எல்லாம் இடம் பிடித்தது போக மிச்சம்தான் கேரட்டுக்கு. 2011 கணக்கெடுப்பின்படி 426 சதுர கிலோமீட்டர் சென்னை மாநகராட்சிக்குள் சுமார் 67 லட்சம் பேர். ஆளுக்கு 400 கிராம் என்றால் ஒரு நாளைக்கே 2,680 டன். அது 2011 கணக்கு, இன்றைக்குத் தலை இன்னும் கூட.

எடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஈரமான மண் ஒரு கன அடி 45 கிலோவுக்குக் குறையாது. ஆள் நடமாடும் மொட்டை மாடி கட்டும்போது பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும்படிதான் கணக்குப் போடுவார்கள். அது சதுர அடிக்கு 14 கிலோ. ஒரு அடி ஆழத்துக்கு மண் கொட்டிக் கேரட் போட்டால் கீழ்வீட்டுக்காரர் தலையில் மூன்று பங்கு பாரம். அதனால்தான் நார்க்கழிவு, அதனால்தான் மண்ணில்லா விவசாயம், அதனால்தான் கேரட்டையும் உருளையையும் விட்டுவிட்டு எல்லாரும் இலைக்கு ஓடுகிறார்கள். நகர விவசாயத்தைப் பற்றிய படங்களில் எப்போதும் லெட்யூஸாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். லெட்யூஸில் பெரும்பங்கு தண்ணீர். அதைச் சாப்பிட்டுக் களை எடுக்கப் போக முடியாது, நான் முயற்சி செய்ததில்லை என்றாலும்.

குளிரின் விலை

மே மாதம் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போன சாக்கில் அவன் மாடியைப் பார்த்தேன். பச்சை நிழல்வலைக்குக் கீழே வரிசை வரிசையாக வெள்ளைக் குழாய்கள். குழாயில் வட்டத் துளை, துளைக்குள் சின்ன வலைக் கிண்ணம், கிண்ணத்தில் செடி. உரம் கரைத்த தண்ணீர் குழாயின் அடியில் மெல்லிசாக ஓடிக்கொண்டே இருக்க, வேர் அதில் நனைந்துகொண்டிருக்கும். சுத்தமாக, அழகாகச் செய்திருந்தான். கைவேலை எப்போதுமே அவனுக்கு நன்றாக வரும், அது எங்கள் அப்பாவின் கை. ஒரு செடியைத் தூக்கிக் காட்டினான். வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி வழவழத்துக் கிடந்தது. தொட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தேன், குளிக்கப் பதமான வெந்நீர். தண்ணீர் சூடானால் அதில் பிராணவாயு குறையும், வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகாத செடிகளும் இலையை விரிக்காமல் தண்டை நீட்டி மேலே போக ஆரம்பித்திருந்தன. சூடு கண்டால் லெட்யூஸ் செய்யும் வேலை அது. பூத்து விதை விட்டுவிட வேண்டும் என்று கிளம்பிவிடும். ஒரு இலையை ஒடித்தேன், பால் வந்தது, வாயில் வைத்தால் கசப்பு. எங்கள் காட்டில் அதே விதை மே மாதத்தில் குண்டு குண்டாகத் திரண்டு நிற்கும். எங்களுக்குக் கவலையெல்லாம் டிசம்பர், ஜனவரி உறைபனிதான்.

“வெளியில இருக்கிறது சும்மா அத்தை. உள்ள வாங்க” என்று ஒரு அறைக்குக் கூட்டிப் போனான். தகரக் கூரை, உள்ளே தெர்மாகோல் பலகை அடித்த சுவர், ரெண்டு ஏசி, அடுக்கடுக்காகத் தட்டுகள், ஒவ்வொரு தட்டுக்கு மேலும் ஊதாவும் வெள்ளையுமாக எல்இடி விளக்கு. இங்கே செடிகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. நுழைந்த நிமிசம் நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். “இதான் நம்ம ஊரு” என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே ஒன்று உறைத்தது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் எங்களுக்குச் சும்மா கிடைக்கும் குளிரை இவன் மீட்டர் வைத்து வாங்குகிறான். சூரியன் சும்மா கொடுக்கும் வெளிச்சத்தையும் மூடி மறைத்துவிட்டு, அதையும் காசு கொடுத்து வாங்குகிறான். லாரி வாடகையை மிச்சம் பிடித்தவன் கரண்ட் பில்லில் அதைவிடக் கூடக் கட்டுகிறான்.

கணக்கு நோட்டைக் கேட்டேன். கொடுக்கத் தயங்குவான் என்று நினைத்தேன், தயங்கவில்லை. நாங்கள் மண்டிச் சீட்டோடு வளர்ந்த குடும்பம், கணக்கை மறைக்கும் பழக்கம் கிடையாது. லெட்யூஸ் பக்கத்தில் மாதாமாதம் வரவைவிடச் செலவு கூட. மின்சாரம் முதலிடம், அப்புறம் ரெண்டு பையன்கள் சம்பளம், மாடி வாடகை, வெளிநாட்டு விதை, உரக் கரைசல். தமிழ்நாட்டில் 1990 வாக்கிலிருந்து விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம், 2016இலிருந்து வீட்டுக்கு ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மாடியில் குளிரூட்டிய அறையில் இலை வளர்ப்பவனுக்கு இது ரெண்டும் கிடையாது. அவன் விவசாயியும் இல்லை, வீட்டுக்காரனும் இல்லை. நகர விவசாயத்தை வளர்க்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் முதலில் இந்த ஒரு சிக்கலையாவது அவிழ்க்கலாம்.

ஆனாலும் அவன் கடனில் மூழ்கவில்லை. எப்படி என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினால் தெரிந்தது. மற்றவர்கள் மாடியில் குழாய் மாட்டிக் கொடுத்த வரவு, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக் கட்டணம், நாற்றும் உரக் கரைசலும் விற்ற வரவு. குடும்பம் ஓடுவது முழுக்க அந்தப் பக்கத்தில்தான்.

“அப்புறம் லெட்யூஸ் எதுக்குடா கண்ணு? நிறுத்திட்டா நட்டமாவது மிச்சமாகுமே?”

“நிறுத்தினா எப்படி அத்தை? அதைப் பார்த்துத்தானே வகுப்புக்கு வர்றாங்க.”

இதைச் சொன்னபோது அவன் முகத்தில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. கடை வாசலில் தோரணம் கட்டும் செலவை யாராவது நட்டம் என்று எழுதுவார்களா என்பது போலப் பார்த்தான். பத்து வருசத்தில் லாரியே வேண்டாம் என்றவனின் நோட்டு இது. மலையில் என்னைக் குடைந்துகொண்டிருந்த பேச்சுக்கு அந்த இடத்திலேயே பாதி பதில் கிடைத்துவிட்டது.

மாதம் 3 ரூபாய் சந்தா

திரும்பி வந்தபிறகு யோசித்தால், இதே ஆசையில் இதே கணக்கு எங்கள் ஊட்டியிலேயே நடந்து முடிந்திருக்கிறது. இன்றைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போகும் தாவரவியல் பூங்கா இருக்கிறதே, அது பூவுக்காகத் தொடங்கியதல்ல. 1845 வாக்கில் இங்கே குடியிருந்த வெள்ளைக்காரர்கள் நியாயமான விலைக்குக் காய்கறி வேண்டும் என்று போட்ட தோட்டம் அது. மாதம் 3 ரூபாய் சந்தா கட்டியவர்களுக்குக் காய் இலவசமாகப் பங்கு. இன்றைக்கு நகரங்களில் வாரச் சந்தாவுக்குக் காய்ப் பெட்டி அனுப்புகிறார்களே, அதே ஏற்பாடு. குளிருக்குக் குறைவில்லை, தண்ணீருக்கும் குறைவில்லை, வாங்குகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அப்படியிருந்தும் ஓடவில்லை. 1847இல் புதிதாக நிதி திரட்டி, தோட்டக்கலைச் சங்கமும் பொதுப் பூங்காவும் என்று திட்டத்தையே மாற்றினார்கள். 1848இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் வந்து சேர்ந்தார். அப்புறம் நடந்ததெல்லாம் பூவும் மரமும் புல்வெளியும்தான். காய் விற்று நிற்க முடியாத தோட்டம், பார்க்க வருகிறவர்களை வைத்து நிற்கிறது. என் அண்ணன் மகனின் நோட்டில் ரெண்டாவது பக்கம் ஞாபகத்துக்கு வராமல் எப்படி இருக்கும்?

வெளியுலகத்திலும் இதே கதைதான், பணம் மட்டும் பெரியது. அமெரிக்காவில் அடுக்கு விவசாயத்தின் முன்னோடியாகக் கொண்டாடப்பட்ட ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனில் திவால் மனு போட்டது. நியூயார்க்கின் பவரி ஃபார்மிங் 2024 நவம்பரில் கடையை மூடியது. பிளென்டி என்ற இன்னொரு பெரிய கம்பெனி 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டுப் போனது. பெரும் முதலீட்டாளர்கள் காசு கொட்டியும் விளக்கும் குளிரும் கணக்கை விழுங்கிவிட்டன. நிலமே இல்லாத சிங்கப்பூர், 2030க்குள் தன் உணவுத் தேவையில் 30 சதவீதத்தை உள்ளூரிலேயே விளைவிக்கப் போவதாக 2019இல் அறிவித்தது. 2025 கடைசியில் அந்த இலக்கைக் கைவிட்டு, 2035க்கு வேறு இலக்கு வைத்துக்கொண்டது. சிங்கப்பூரைப் போலத் திட்டம் போட்டு நடத்தத் தெரிந்த ஊர் எது?

இதைப் படித்துவிட்டு நகர விவசாயமே வீண் என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு. கியூபாவின் தலைநகர் ஹவானாவில் 1991இல் சோவியத் உடைந்து டீசல் நின்றுபோனபோது, வெட்டவெளி மனைகளில் எல்லாம் பாத்தி கட்டிக் காய் போட்டுத்தான் ஊர் சாப்பிட்டது. லாரி ஓடாத இடத்தில் மாடிக்கும் மனைக்கும் மதிப்பு தானாக வந்துவிடும். அதைவிட எனக்குப் பிடித்தது கொல்கத்தா. ஊருக்குக் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் ஈரநிலம், 2002இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நகரத்தின் சாக்கடைத் தண்ணீர் அங்கே குளங்களில் வெயில் பட்டுத் தெளிந்து மீனாகிறது. பக்கத்தில் தாபா என்ற இடத்தில் பழைய குப்பைமேட்டு நிலத்தில் காய்கறி விளைகிறது. அங்கே எல்இடி விளக்கு கிடையாது. நகரத்துக்குத் தொல்லையாக இருக்கும் பொருளே மூலதனம், அதனால் மீனும் காயும் மலிவாக ஊருக்குள் போகிறது. ஒரு பெரிய நகரத்திடம் மலிவாகக் கிடைப்பது இடமோ குளிரோ இல்லை, கழிவுதான். இந்த இடத்தில்தான் எனக்குக் கோயம்பேடு ஞாபகம் வந்தது.

கோஸ் இலையின் பயணம்

கல்யாணத்துக்குப் போன அதே பயணத்தில் விடிகாலை கோயம்பேட்டுக்கும் போயிருந்தேன். எங்கள் காயை யார் வாங்குகிறார்கள் என்று பார்க்கும் ஆசைதான். முட்டைக்கோஸ் கடைகளுக்குப் பின்னால் மேல் இலைகளை உரித்து உரித்துப் போட்ட குவியல், முட்டியளவு. மழை பெய்யாமலே தரை வழுக்கியது. அந்த மேல் இலை வழியில் அடிபடாமல் இருப்பதற்காக நாங்களே விட்டு அனுப்புவது. அதற்கும் சேர்த்துத்தான் லாரி வாடகை கட்டுகிறோம். அங்கே உரித்துக் கொட்டியதை அள்ளிப்போக நகரம் செலவழிக்கிறது. சென்னையின் குப்பை வருசக்கணக்காகப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையாகக் குவிந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. இன்னொரு பக்கம், நாங்கள் கீழேயிருந்து கோழி எரு லாரி லாரியாக ஏற்றி வந்து காட்டில் போடுகிறோம். மண்ணின் சத்து இலையாகக் கீழே போகிறது, எருவுக்குக் காசு கட்டி மேலே கொண்டு வருகிறோம்.

இந்தூரில் ஈரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும், நாளைக்கு 550 டன் கொள்ளும் ஆலை 2022இல் திறந்தார்கள். வாயு போக மிஞ்சுவது எரு. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், ஒரு மார்க்கெட்டின் ஒரு வரிசைக் கடைகள் போடும் இலையை மக்க வைக்க ஏசி வேண்டாம், வெளிநாட்டு விதை வேண்டாம். இருட்டறையில் இலை வளர்ப்பதற்குப் பதில் இதில் இறங்கினால் நகரத்துக்கும் காசு மிச்சம், அவனுக்கும் தொழில் என்பது என் கட்சி. கீரை, கொத்தமல்லி, புதினா போல அரை நாளில் வாடுவதை நகரத்தின் விளிம்பில் வைத்துக்கொள்ளட்டும். அதை நாங்கள் மலையிலிருந்து அனுப்பிச் சமாளிக்க முடியாது. கேரட்டும் கோஸும் உருளையும் குளிர் சும்மா கிடைக்கும் இடத்தில் இருக்கட்டும்.

அந்த இடமும் எத்தனை நாளைக்கு என்பது தனிக் கவலை. ஊட்டியும் கேத்தியும் இப்போது பேருக்குத்தான் மலை, சீசனில் நடந்து பார்த்தால் நகரம்தான். எங்கள் பக்கத்துப் பாத்தியில் போன வருசம் வரை பீன்ஸ் இருந்தது, இப்போது காட்டேஜ் கட்ட ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். கட்டட விதிகளும் மாஸ்டர் பிளானும் இல்லையென்றால் இந்தப் பள்ளத்தாக்கு எப்போதோ அறை எண்களாக மாறியிருக்கும். எங்கள் நிலத்துக்காரரான கவுடர் பெரியவர் இருக்கும்வரை குத்தகைக்குப் பயமில்லை. அவர் பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள். ஒரு ராத்திரி வாடகையும் ஒரு மூட்டை கேரட்டும் எதிரெதிரே நின்றால் எது ஜெயிக்கும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அண்ணன் மகன் என் கட்சியை முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “எருவுக்கு யாரு அத்தை வகுப்புக்கு வருவா?” என்றான். நியாயமான கேள்வி. ஆனால் கரண்ட் பில் பேசியிருக்க வேண்டும், போன மாதம் குளிரறையில் பாதியை மூடிவிட்டு, தெரிந்த ரெண்டு காய்கறிக் கடைகளின் கழிவை மக்க வைத்து மாதிரிக்கு ஒரு மூட்டை அனுப்பியிருந்தான். காய் இறக்கிவிட்டுத் திரும்பிய பிக்கப்பில் காலிக் கிரேட்டுகளோடு வந்ததால் வாடகை பெரிதாக இல்லை. கையில் அள்ளிப் பார்த்தேன், நிறம் நன்றாக இருந்தது, வாசனையும் காட்டு மண் வாசனை. சல்லடையில் போட்டுச் சலித்தால் ஷாம்பூ பாக்கெட் மூலை, ரப்பர் பேண்ட், சாக்கு நூல், ஒரு தயிர்க் கவர். பர்லியாறு செக்போஸ்ட்டில் டூரிஸ்ட் பையிலிருந்து தண்ணி பாட்டிலைப் பிடுங்கி வைக்கும் ஊரில், எருவுக்குள் பிளாஸ்டிக்கை ஒளித்துக்கொண்டு வந்து கேரட்டுக்கு அடியில் போட எனக்குச் சம்மதமில்லை. கீழேயே ரெண்டு தடவை சலித்து அனுப்பு, கோழி எரு விலையைவிடக் குறைவாகக் கொடு, திரும்பும் வண்டி வாடகையில் பாதி நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முக்கால்வாசி நீங்கள் தர வேண்டும் என்கிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.